சத்திரக்காரனின் புள்ளடி

உப்புவெளியில் ஆறு அறை லொட்ஜ் என்னுடையது.
ஐந்தில் ஏசி.
ஆறாவது பின்பக்கம், கிணற்றடியோடு.
காற்று மாறினால் குப்பைமேடு கட்டிலில் வந்து படுக்கும்.
அதற்கு வாடகை பாதி.

செல்ரொசாரி வந்தான்,
கோயில் கொயரில் என் பக்கத்தில் நின்று
இருபது வருஷம் ஒரே இடத்தில் பிழைவிட்டுப் பாடுபவன்.
கரண்டிச் சின்னம்.
நோட்டீசில் அவன் தலைக்குப் பின்னால் மாதா.
"யோவாக்கிம் அண்ணே, மேட்டைக் களப்புக்கு அங்கால தள்ளுவம்.
அங்க நம்மட ஆக்கள் ஆருமில்லை."
தேத்தண்ணி குடித்தான். சீனி இன்னும் கேட்டான்.

அங்கால என்றால்
தகரம் போட்ட நாற்பது வீடு,
வெள்ளையடிக்காத ஒரு பள்ளிவாசல்,
ஜுமைலா ரீச்சர் பின்னேரங்களில் கணக்குப் படிப்பிக்கும் கொட்டில்.
அவவும் கேட்கிறா, மணிக்கூட்டில்.
"அவவுக்குப் போட்டா அவையள் எல்லாம் ஏறுவினம்" என்றார்கள்
எங்கள் பங்கில்.
எதில் ஏறுவார்கள் என்று நான் கேட்கவில்லை.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு பாதருக்குத் தடிமன்.
எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவன் கதையை வாசித்து
ஏழு நிமிடத்தில் பிரசங்கத்தை முடித்துவிட்டார்.
வெளியே வேப்பமர நிழலில்
அவரவர் தங்கள் சின்னத்தை
அதே பிரசங்கத்துக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார்கள்.
"அடிபட்டது நாங்கள். செல்ரொசாரிதான் சமாரியன்"
என்றாள் என் மனைவி பிலோமினா.
கழுதை யார் என்று கேட்க வாய் வந்தது.
அடக்கிக்கொண்டேன்.

எனக்கோ கண் சத்திரக்காரனில் போய் நின்றது.
தொழில் குணம்.
கதையில் அவனுக்குப் பெயரில்லை. ஒரு வார்த்தை பேசுவதுமில்லை.
இரண்டு காசை வாங்கிக்கொண்டு
மிச்சம் பிறகு என்ற ஒரு வேற்றினத்தான் வாக்கை நம்பிக்
கதவைத் திறக்கிறான்.
பதிவேட்டில் என்ன எழுதியிருப்பான்?
பெயர் தெரியாது. ஊர் தெரியாது. இனம், இரத்தத்தில் தெரியவில்லை.

என் பதிவேட்டில் ஒரு தாள் வெறுமையாக இருக்கிறது.
ஊரடங்கு இரவு. கேற்றை யாரோ தட்டினார்கள்.
ஒரு வாப்பா, தோளில் காய்ச்சல் பிள்ளை.
ஆறு அறையும் சும்மா கிடந்தன.
"இடமில்லை" என்றேன், கேற்றுக்கு உள்ளே நின்று.
அவர் சலாம் சொல்லிவிட்டுத்தான் போனார்.
பெத்லகேமில் இடமில்லை என்றவனுக்கும் பெயரில்லை.
நத்தாருக்கு நத்தார் அந்த வாசகம் வரும்போது
நான் இருமுவேன்.

வாக்குச்சாவடி ஒரு நாலாம் வகுப்பு.
கரும்பலகையில் பாதி அழிந்த பெருக்கல் வாய்பாடு.
காட்போட் மறைப்புக்குள்
நூலில் கட்டிய பென்சில்.
புள்ளடி என்கிறோம், ஈரமணலில் பறவை மிதித்ததுபோல.
சரிந்து கிடக்கும் சிலுவை என்று ஒரு கணம் தோன்றியது.
அதுவும் பகட்டு என்று விட்டுவிட்டேன்.
ஜெபிக்கவுமில்லை.
ஜெபித்தால் ஆண்டவரை எனக்கு ஏஜென்டாக
வாசலில் இருத்தியதுபோல் ஆகிவிடும்.

கரண்டி வந்தால் ஆறாவது அறைக்கு முழு வாடகை.
மணிக்கூட்டில் அப்படி நிச்சயம் எதுவுமில்லை.
ரீச்சரின் ஆட்கள் வேறோர் ஊரில்
மீன்கடைகளைப் பங்கிட்ட விதமும் எனக்குத் தெரியும்.
வெளியே வரிசை முணுமுணுத்தது.
ஒரே ஒரு கேள்விதான் பென்சிலை நிறுத்திப் பிடித்தது:
இந்தக் கோடு இரண்டும்
நாளைக்கு எவர் வாசலில் போய் நாறும்?

போட்டேன். மடித்தேன்.

அடுத்த ஞாயிறு, சமாதானம் சொல்லும் நேரம்,
செல்ரொசாரி கையை நீட்டினான்.
இருவர் சின்னவிரலிலும் மை இன்னும் போகவில்லை.
இறுக்கிப் பிடித்தான். ஒன்றும் கேட்கவில்லை.
பிலோமினாவும் கேட்கவில்லை,
ஆனால் நாலு நாளாகத் தேத்தண்ணியில் சீனியில்லை.

இரவு காற்று மாறியது.
ஆறாவது அறையில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.
எழும்பிப் போய்
வாடகைக் கொப்பியில்
பாதி என்று எழுதினேன்.